அக்காவை அழைத்துவரப் போன பெரிய வியாழன்

“உனக்குப் படிப்பு வரும். அன்பு வராது.”

போன வருஷம் அக்கா போனில் சொன்னது இது. லாரியோடு வடக்கே போன அக்காவின் கணவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய அம்மாவை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். “அந்தம்மாவை ஏதாவது இல்லத்தில் விட்டுவிட்டு வா” என்றேன். அதற்கு வந்த பதில் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா அந்த வயதில் ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் உரித்தாள். யார் சொல்லியிருந்தாலும் உதறியிருப்பேன். அவள் சொன்னதால் முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலை ஒன்பது மணிக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். நாமக்கல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் நாற்பது ரூபாய். மல்லூர் தாண்டியதும் நீளநீளமான கோழிப்பண்ணைகள். ஜன்னலை மூடினாலும் வாடை வந்தது. சேலத்தில் நான் இருக்கும் தெருவிலேயே அக்காவுக்கு ஒரு தையல் வேலை பேசி வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அவள் அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும்.

நாமக்கல்லில் மோகனூர் சாலை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் இறங்கவேண்டிய ஊரைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

“கோயிலுக்குங்களா? இன்னைக்கு அந்த ஊர்க் கடையில சோப்பு கெடைக்காதுங்க.”

ஊருக்குள் போனபின் விளங்கியது. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாயங்காலப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேர் பாதம் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஊரில் இருந்தவர்கள் மத்தியானமே வாசலில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செங்கல் துண்டு வைத்திருந்தார். அழுக்கோடு காலை நீட்டினால் ஃபாதருக்கு மரியாதையில்லையாம்.

அக்காவின் மாமியார் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“வா சாமி. ஊட்டுக்கு வர இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும். உங்கக்காளக் கூட்டிட்டுப் போவத்தான வந்தே?”

“ஆமாங்க அத்தை.”

“போவச் சொல்லு. இவ வைக்கிற கொழம்பத் தின்னு நான் என்ன வாழ்ந்துட்டேன்.”

அக்கா முந்தானையால் அவர் வாயோரம் துடைத்துவிட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

ஆறு மணிக்குப் பூசை. பன்னிரண்டாவது ஆள் லாரி டிரைவர், சுமை இறக்க நேரமாகிவிட்டதென்று வரவில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் என் தோளைத் தட்டினார். “நீங்க உக்காருங்க கண்ணு.” காலை நீட்டியபோதுதான் பார்த்தேன். இரண்டு பஸ்ஸின் புழுதியும் காலில் இருந்தது. பதினொரு ஜோடி வெள்ளைக் கால்களுக்குப் பக்கத்தில் என்னுடையது.

இளவயது ஃபாதர். ஒரு செம்பு ஊற்றினார். தாம்பாளத்தில் தண்ணீர் கலங்கியது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இன்னொரு செம்பு கேட்டு வாங்கினார். விரலிடுக்கில் தேய்த்துத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். எழுந்தோடிவிடலாம் போலிருந்தது. அன்பே நமக்குப் பலம் என்று பூசை முடிவில் அவர் சொன்னபோது நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடக்கையில் அக்காவிடம் கேட்டேன். “அவர் சொன்ன பலம் இருக்கே, அதுலதான் நீ இதெல்லாம் செய்யறியா?”

“யாருக்குத் தெரியும். காலையில எந்திரிக்கிறப்ப இந்தம்மா மூஞ்சியப் பாக்கவே புடிக்காது. குளிப்பாட்டி முடிக்கிறப்ப கொஞ்சம் புடிச்சிருக்கும். நாளைக்கு மறுபடி புடிக்காது.”

“இது என்ன அன்பு?”

“அதத்தான் நானும் அவருகிட்ட தெனம் கேக்கறேன்.” கோபுரத்துச் சிலுவையைக் காட்டினாள். “கேட்டு முடிக்கிறதுக்குள்ள வேல ஆயிடுது.”

அன்பு வந்து பலம் தருகிறதா, செய்துகொண்டிருந்தால் அன்பு வருகிறதா? எனக்குப் பிடிபடவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னேன். தையல் என்றதும் அவள் நடை நின்றுவிட்டது.

“ஆசையாத்தான் இருக்கு. வாரேன்னே வையி. இவங்கள யாரு பாக்கறது?”

“நான்” என்றேன். அக்கா நம்பவில்லை. நானும்தான்.

வெள்ளியும் சனியும் வேறு வழி தேடினோம், கிடைக்கவில்லை. ஈஸ்டர் பூசைக்குப் பிறகு அவள் துணியை மடித்து வைத்தாள். என் அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு சொன்னேன். அவள் போய் வேலையைப் பார்க்கட்டும். சரிப்பட்டால் அத்தையையும் சேலத்துக்கே கொண்டுபோகலாம் என்று பேச்சு.

சேலத்துக்குத் திரும்பும்போது ஏதாவது தெளிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். நான் இன்னும் திரும்பவே இல்லை. இது அன்பா, அக்கா சொன்னதற்கு வந்த ரோசமா என்பதும் தெரியவில்லை. இன்று திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் அக்கா போய்விட்டாள். அத்தையைத் தூக்கி உட்காரவைத்து இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டிவிட்டேன். உப்பே இல்லையாம்.