இஷ்பெலின் இரண்டாவது மிட்டாய்

ஸ்காட்லாந்தின் வடக்கே, கடலோரத்துத் தேவாலயத்தில் முதல் வரிசை பெஞ்சில் மாக்கில்லன் என்று செதுக்கியிருக்கும். எட்டுப் பேர் உட்காரலாம். உட்காருவது இஷ்பெல் மாக்கில்லன் ஒருத்திதான். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பெயரில் ஊரில் மிச்சம் இருப்பது அவள் மட்டும்.

பிரசங்கம் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் கொடுத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது அங்கே எல்லாருக்கும் பழக்கம். இஷ்பெலும் கோட்டுப் பையில் இரண்டு கொண்டுவருவாள். ஒன்று வாயில் கரையும். மற்றது அவளோடு வீடு திரும்பும். எங்கள் பெயர்க்காரர் ஒருத்தரைப் பக்கத்தில் உட்காரவையும் ஆண்டவரே என்பதுதான் அவளுடைய நெடுநாள் ஜெபம்.

"உன் பெஞ்சுல பேய்கூட காலை நீட்டிப் படுக்கலாம்டி" என்பாள் பின்வரிசை டோலினா.

"படுக்கட்டுமே, நீ பாடுற பாட்டுக்கு அதோட குறட்டையே தேவலை."

வாரம் முழுக்க மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் வேலை. தாத்தாவின் தாத்தா ஹெக்டர் சர்க்கரையில் சம்பாதித்துக் கட்டிய பெரிய வீட்டில், ஒழுகாத இரண்டு அறையில் வாசம். திருவிருந்தில் எல்லாரும் திராட்சரசம் குடிக்க அவர் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை இஷ்பெல்தான் துலக்குவாள். அதில் தன் முகம் மிதப்பதைப் பார்த்து மகிழ்வாள். கரும்பை வெட்டியது யாரென்று கேட்டதில்லை. வீட்டில் யாரும் சொன்னதுமில்லை.

ஒரு திருவிருந்து ஞாயிறன்று கடல்பனி வாசற்படிவரை ஏறி நின்றது. அந்த வெண்மைக்குள்ளிருந்து, கனவில் வருகிறவள்போல், நீலத் தொப்பி அணிந்த கறுப்பினப் பெண் ஒருத்தி வந்தாள்.

"என் பேரு யூலாலி மாக்கில்லன். உள்ள உட்காரலாமாங்க?"

இஷ்பெல் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாக்கில்லனா! எந்த வழி? உங்க ஆளுங்க யாரு?"

"கயானா. பெர்பிஸ் ஆத்தங்கரை."

"அட, எங்க ஹெக்டர் தாத்தா கரும்புத் தோட்டம் வச்சிருந்த இடம்! அப்ப நீங்க எங்க சொந்தம்!"

யூலாலி அவள் கையை விலக்கவில்லை. "சொந்தம்னு எப்படிங்க சொல்றது? அவர் தோட்டத்துல எங்க பாட்டனோட பாட்டன் அடிமை. மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி அவர் பேரைப் போட்டுட்டாங்க. அந்தப் பேரு எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு தடவை பார்த்துடணும்னு வந்தேன்."

இஷ்பெல் அவளைப் பெயர் செதுக்கிய பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு போதகரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, இன்னைக்கு அந்தக் கிண்ணம் வேணாம்."

"நேத்துதானே துலக்கி வச்சே, இஷ்பெல்?"

"துலக்கினேன் ஐயா. கறை போகல."

போதகர் அவள் முகத்தையே பார்த்தார். சரியென்று தலையசைத்தார். அவள் தேநீர் அறையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கொண்டுவந்தாள்.

பிரசங்கம் தொடங்கியது. பையில் விரல்கள் மிட்டாயைத் தொட்டன. அதுவும் சர்க்கரை. எப்படி நீட்டுவது? கை அங்கேயே தங்கிவிட்டது.

தம்ளர் கைமாறி வந்தது. யூலாலி குடித்துவிட்டு இஷ்பெலிடம் தந்தாள். இஷ்பெல் குடித்தாள். சன்னல்களில் பனி பால்போல் நின்றது. தேவாலயமே மெல்லக் கடலில் நகர்வதுபோல் அவளுக்குத் தோன்றியது.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது யூலாலி அவள் பக்கம் குனிந்தாள்.

"அப்போலேர்ந்து பையில சரசரன்னு என்னத்தையோ உருட்டிட்டிருக்கீங்க. தனியாவா திங்கப்போறீங்க?"

யூலாலியின் உள்ளங்கை விரிந்திருந்தது.