நீலப் பூவும் நைனாவின் கல்லடைப்பும்

எல்லைக்கோடு எங்கே விழும், எங்கள் நகரி ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று தெருவே நின்று பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: நைனாவுக்கு இன்றைக்காவது மூத்திரம் இறங்கியதா? கல்லடைப்பு. என் அப்பா, நூலுக்குச் சாயம் ஏற்றுகிற மனுஷர், வலி வந்தால் சாயத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், எல்லாம் ஆயிற்று.

ஹார்ஸ்லி மலையில் ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஹைட்ரேஞ்சியா செடி ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "இதோட வேரைக் காய்ச்சிக் குடிச்சா கல்லு கரையுமாம்க்கா. பங்களாவுல பேசிக்கினு இருந்தாங்கோ. ஆனா வேரு தடிக்கணும், அவசரப்படாதே."

மலைச்செடிக்கு எங்கள் ஊர் வெயில் ஆகுமா? ஈரமும் நிழலும் உள்ள இடம் நூல் அலசும் மூலைதான். அங்கே நட்டோம். நூலில் சாயம் பிடிக்கப் படிகாரம் கரைத்த அலசுத் தண்ணீரை நைனா தினமும் அதன் மேல் கவிழ்த்தார். வந்தபோது ரோஸாக இருந்த பூ, படிகாரத் தண்ணீர் குடித்தோ என்னவோ, அடுத்த தடவை நீலமாகப் பூத்தது. அப்படி ஒரு நீலம்! நைனா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்த நெறம் என் தொட்டியில ஒருநாளும் வந்ததில்லம்மா" என்றார் என்னிடம்.

அதற்கப்புறம் செடியை யாரையும் தொடவிடவில்லை. வேரை எடுக்கலாமா என்று அம்மா கேட்டால், "இந்தப் பூ உதிரட்டும்" என்பார். உதிர்ந்தால், "மொட்டு வெச்சிக்கினு இருக்குது பாரு." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "பூ பெருசா, உசுரு பெருசா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வலியில் சுவரில் முட்டிக்கொள்கிறவர், வலி விட்டதும் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இந்த மனுஷரை என்ன செய்வது?

கத்திரியில் இலைகள் துவண்டன. வெயில்தான் என்று நினைத்தோம். அந்தச் சமயத்தில் வந்த வலி விடவே இல்லை. கடைசியில் அவரே சொன்னார்: "புடுங்கிடுங்க."

மருந்துக்கு வேர் எடுக்கும் வழக்கப்படி, அம்மா செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டினாள். "கோவிச்சுக்காதே தாயே, உசுருக்காவ கேக்கறோம்" என்று கும்பிட்டாள். நான் கடப்பாரையை எடுத்தேன். அதற்கு வேலையே இருக்கவில்லை. தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. அடியில் கறுத்து அழுகிய நார் ஒரு பிடி. ஓயாமல் ஊற்றிய அலசுத் தண்ணீர் வேரைத் தின்றிருந்தது.

"கஷாயம் ஆச்சா?" கயிற்றுக்கட்டிலில் சுருண்டு கிடந்த நைனா கேட்டார்.

"இதோ, கொதிக்குது" என்றாள் அம்மா. அடுப்பில் அதே பழைய சிறுபீளையைத்தான் போட்டாள். வேறு என்ன இருந்தது எங்களிடம்?

ஒரு வாய் குடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை தடவை குடித்த கஷாயம்! என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இப்போ தேவலாம்மா" என்றார். அவருடைய இன்னொரு கை கட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.