கம்பி கழற்றிய பிறகு

கம்பி கழற்றுகிற அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் போவார்கள். எங்கள் தொழிலின் துக்கமெல்லாம் அதற்கு மறுநாள்தான் ஆரம்பம்.

பதுளையில் ஒரு தனியார் பல் கிளினிக்கில், டொக்டருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. கம்பி போட்டு நேராக்கிய பல் இருக்கிறதே, அது விட்டால் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். பிடித்து நிறுத்தத்தான் ரிட்டெய்னர் என்று கண்ணாடி மாதிரி ஒரு உறை செய்து கொடுக்கிறோம். ராத்திரி போட வேண்டும், சாப்பிடும்போது கழற்ற வேண்டும், பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். ரிட்டெய்னர் போடுகிறவர்களே, போடாமல் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இந்தப் புலம்பல்.

தாயின் வேண்டுகோள்

ரேணுகா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பதுளை பஜாரில் ஃபோன் கடையில் வேலை. முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி நின்றன. பள்ளிக்கூடத்தில் ‘தேங்கா துருவி’ என்றுதான் கூப்பிட்டார்களாம். தன் சொந்தச் சம்பளத்தில் கம்பி போட்டு, மழையென்றும் பஸ் இல்லையென்றும் சாக்குச் சொல்லாமல் வந்து போனாள். கழற்றிய அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தால் திருப்பித் தர மனமில்லை அவளுக்கு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

நான் ரிட்டெய்னர் பாடத்தை ஒப்பித்து முடிக்க, தாய் என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். பண்டாரவளையில் கடை வைத்திருக்கிற இடத்திலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. இனிமேல்தான் பெண் பார்க்க வருகிறார்கள். கம்பி போட்ட சங்கதி தெரிந்தால், பிறக்கிற பிள்ளைக்கும் அந்தப் பல்தான் வரும் என்று வேண்டாமென்று போய்விடுவார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தாலோ, ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதனால் நான் யாரிடமும் வாய் திறக்கக்கூடாதாம். “ராத்திரி வாயில் போடுகிற சாமானம்மா, புருஷனுக்குத் தெரியாமல் எப்படி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அவ சமாளிச்சுக்குவா மிஸ்ஸி. பொம்பளப் புள்ளைக்கு இதக்கூடவா மறைக்கத் தெரியாது?”

கொதித்த தண்ணீர்

லுணுகலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கொழுந்து எடுக்கிறவர். வேலைக்குப் போகாமல் அரை நாளை விட்டுவிட்டு மகனோடு வந்திருந்தார். பெட்டியைத் திறந்தேன், ஐயோ! ரிட்டெய்னர் சுருங்கி, முறுகி, தீயில் காட்டிய பொலித்தீன் பைபோல் கிடந்தது. காலையும் மாலையும் கேத்தல் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவினாராம். பச்சைத் தண்ணீரில் கழுவச் சொன்னேனே என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் குழாயில் வருகிற தண்ணீர் என்ன நிறம் என்று அவர் சொன்ன பிறகு பெட்டியை மெல்ல மூடினேன்.

“புள்ளை வாயில வக்கிறதைக் கொதிக்க வைக்காம குடுக்க மனசு வரலீங்க மிஸ்ஸி.”

அக்கா பல், தங்கை பல்

இன்னொரு வீட்டில் அக்காவுக்கு மட்டும் கம்பி போட வசதி இருந்தது. தங்கைக்கும் அதே கோணல். அக்காவின் பல் நேராகிவிட்டது, இனி இது சும்மாதானே என்று ரிட்டெய்னரைத் தங்கைக்கு மாட்டிவிட்டார் தகப்பன். அந்தப் பிள்ளை ஈறு புண்ணாகி, கன்னம் வீங்கி வந்து நிற்கிறாள். அக்காவின் பல்லோ கிடைத்த விடுமுறையில் நன்றாக நகர்ந்துவிட்டது. ஒரு ரிட்டெய்னரால் ரெண்டு வாய் கெட்டது. ஆளாளுக்கு வாய் வேறு, அளவு வேறு என்று டொக்டர் அச்சு எடுத்துக் காட்டி விளக்கினார். தகப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“சரிங்க டொக்டர், ஆனா ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்களே?”

மாமியாரின் கடைவாய்ப்பல்

ரேணுகாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் இருக்கும். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், பக்கத்தில் கன்னத்தைப் பிடித்தபடி மாமியார். என்னைப் பார்த்ததும் முன்பின் தெரியாதவள்போல் நின்றாள். நானும் பெயரென்ன என்று புதிதாகக் கேட்டுத் தொலைத்தேன். என்ன செய்வது!

மாமியார் ஊசி போட்டுப் பல் பிடுங்க உள்ளே போன இடைவெளியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் தூங்கினாரென்று நினைத்துப் போட்டேன், விழித்துவிட்டார். பகலில் அடுப்படியில் போட்டால் அத்தை பேச்சுக் கொடுக்கிறார். தாய்வீட்டுக்குப் போனால் மட்டும் போடுகிறேன் என்றாள். முன்பல் கொஞ்சம் வெளியே வரத் தொடங்கியிருந்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. “பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிசாக ஒரு கம்பி ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது, ஒருநாள் தனியாக மட்டும் வந்துவிடு தாயே” என்று கெஞ்சினேன். தலையாட்டினாள். அதற்குள் மாமியார் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து, மருமகளின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க மிஸ்ஸி, பொறந்ததுலருந்தே வரிசைப் பல்லு. எங்க மருமக இந்த மாதிரி எடத்துப் படியே மிதிச்சதில்ல!”

திரும்பி வந்த ரேணுகா

அந்த ‘ஒருநாள்’ வரவே இல்லை. புது மருமகளைத் தனியாகப் பதுளைக்கு யார் அனுப்புவார்கள்? பஸ்ஸில் கூடவே ஒரு ஆள் வரும். வைத்தியரைப் பார்க்கவென்றால் என்ன வியாதி என்று வீடே கேட்கும். நானும் கதவு திறக்கிற போதெல்லாம் எட்டிப் பார்த்துப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டேன்.

தாய்க்குச் சுகமில்லையென்று சொல்லிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது வருடம் கடந்துவிட்டது. ரிட்டெய்னரைப் போட்டுப் பார்த்தோம், பல்லில் ஏறவே இல்லை. எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். “இது இனிச் சரிவராது பிள்ளை, திரும்பக் கம்பிதான் போடவேணும்” என்றார். வாய் நிறையக் கம்பியோடு எந்த வீட்டுக்குப் போவாள்? வேண்டாம் சேர் என்று நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. “உன் புருஷனுக்குத் தெரியாமலா இருக்கும், பல்லைப் பார்க்கமாட்டாரா?” என்று வாசல்வரை போய்க் கேட்டேன். அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

“இப்ப சிரிக்கிறப்ப கையால வாயை மூடிக்கிறேன் அக்கா. அவரு அதை வெக்கம்னு நெனைச்சிக்கிட்டிருக்காரு, ரொம்பப் புடிச்சிருக்காம்.”

ஒரு பல்லை நேராக்க ரெண்டு வருடமும் ஒரு டொக்டரும் போதும், அதை நேராகவே வைத்திருக்க ஒரு வீடு முழுக்கச் சம்மதிக்க வேண்டும் என்பதைத்தான் எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.