மேனுவல் என்று ஒன்று இல்லை

என்னை யாராவது 'மேனுவல் டெஸ்டர்' என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நிரல் எழுதுகிறவரை மேனுவல் புரோகிராமர் என்கிறார்களா? நாடி பிடித்துப் பார்க்கிறவரை மேனுவல் டாக்டர் என்கிறார்களா? மென்பொருளைச் சோதிக்கிற எங்களுக்கு மட்டும் 'கையால் செய்கிறவர்' என்று ஒரு அடைமொழி. மூளையை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறேன்?

வேலையில் சேர்ந்தபோது அம்மா வேறு மாதிரி கேட்டாள். "குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளமா? அதை நீ சும்மாவே செய்வியேடி."

போன வருடம் கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஆப் ஒன்றைத் தயாரித்தோம். சோதனைகளைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதியிருந்தார்கள். அது எல்லாவற்றுக்கும் பச்சை காட்டிவிட்டது. நாளைக்கு ரிலீஸ், இனி மேனுவல் டெஸ்டிங் தேவைப்படாது, என்னை வாடிக்கையாளர் புகார் கேட்கும் பிரிவுக்கு மாற்றப்போகிறோம் என்றார் மேனேஜர். அதைக் கொண்டாட கேம்ப் ரோடு பேக்கரியிலிருந்து பப்ஸ் வந்தது. என் பங்கைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டேன்.

மத்தியானம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அப்பா போன் செய்தார். கண் டாக்டரிடம் பதிவு செய்யச் சொன்னார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவர் கண், மாமியாரின் முழங்கால், மகனின் தடுப்பூசி, கேஸ் சிலிண்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புது நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் சேலையூரில் எந்த வீட்டில் ஐயா அப்படி நடக்கிறது?

சோதனைக்கென்று வைத்திருந்த ஆப்பில் என் நம்பரில் அப்பாவைப் பதிந்தேன். அதே நம்பரில் மாமியாரையும் பதிந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் அப்பாவைக் காணோம், அவர் இடத்தில் மாமியார் இருந்தார். ஒரு எச்சரிக்கை கிடையாது, நன்றி என்று மட்டும் வந்தது. பாவி, எத்தனை பெரியவர்கள் கிளினிக் வாசலில் போய் நின்றிருப்பார்கள்!

போனை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் நம்பாமல் தன் அம்மாவையும் மனைவியையும் பதிந்து பார்த்தார். அவருடைய அம்மா காணாமல் போனார். ரிலீஸை உடனே நிறுத்தினார்.

சாயங்காலக் கூட்டத்தில், மேனுவலில் ஒரு பெரிய தவறு சிக்கியது என்று எல்லோரிடமும் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"மேனுவல்ல இல்ல சார், டெஸ்டிங்ல. ஸ்கிரிப்ட் நாம சொன்னதைச் சரிபாக்கும். என்ன கேக்கணும்னு யோசிக்கிறது மனுஷங்கதான்."

அவர் பலகையில் எழுதியிருந்த 'மேனுவல்' என்ற சொல்லை அழித்தார்.

"சரிம்மா, டெஸ்டிங்ல," என்றார். "நீங்க எங்கயும் போக வேணாம். அடுத்த ரிலீஸுக்கு என்னென்ன கேக்கணும்னு நீங்களே ஆரம்பிங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஆப்பும் புரியவில்லை, ஸ்கிரிப்டும் புரியவில்லை. ஆனால் நான் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுல எம்பொண்ண அடிச்சுக்க ஆளே கிடையாது."