பெட்டிக்குள் போகாத மதர்போர்டு

கால் எலும்பு முறிந்து படுத்திருந்த என் மனைவி படம் பார்ப்பதற்காக, டிவியோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்யத் தொடங்கினேன். பாகங்களைப் பொருத்தும் பெட்டியான கேபினெட்டில், அழகாக இருந்ததால் சின்னதை வாங்கிவிட்டேன். மதர்போர்டு அதற்குள் போகவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு, வாங்கிய நெல்லித்தோப்புக் கடைக்கே போனேன்.

"பிரிச்சிட்டீங்களே சார், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர்.

எரிச்சலோடு திரும்பினேன். பின்னால் பெரிய கேபினெட்டோடு நின்ற பெண் கேட்டார்: "அண்ணே, இது எங்க டிவி ஸ்டாண்டுல நுழையல. என் போர்டு சின்னதுதான். மாத்திக்கலாமா?"

வாசலிலேயே அவருடைய கேபினெட்டில் என் போர்டை வைத்துப் பார்த்தோம். திருகுத் துளைகள் பொருந்தின. கேபினெட்டுகளை மாற்றிக்கொண்டு, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்தோம். அன்று மாலை மனைவி கட்டிலில் இருந்தபடியே படம் பார்த்தாள்.

அடுத்தவர் சிக்கலில் தலையிடாதவன் நான். இப்போது கடையில் யாராவது பொருளோடு தயங்கி நின்றால், என்னவென்று கேட்டுவிடுகிறேன்.