மலையடிவாரத்தில் சாதா பெட்ரோல்

"மூத்த இழப்பு மதிப்பீட்டாளர், வாகனப் பிரிவு. எப்பேர்ப்பட்ட சேதத்தையும் கலங்காமல் பார்வையிடுபவர். நெருக்கடியில் விரைந்து முடிவெடுப்பவர். யூகங்களுக்கு இடம் தராதவர்." காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டு மதிப்பீட்டில் சர்வேயரைப் பற்றி இருந்த வாசகம் இது. எழுதிய மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒருநாள்கூட சர்வேயரின் காரில் ஏறியதில்லை.

முதுகுக்குப் பின்னால் அலுவலகமே அவரை "ஒருவேளை சார்" என்றுதான் சொல்லும். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் அது. லிஃப்டில் ஏறினால், "ஒருவேளை நடுவுல நின்னுட்டா?" காபியைக் கையில் கொடுத்தால், "ஒருவேளை நேத்துப் பாலோ?" அதே மனிதரை மூன்று லாரிகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கிடக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டால் ஆளே வேறு. குனிந்து பார்ப்பார், நாலு படம் எடுப்பார், மூக்கைச் சொறிந்துகொண்டே "பின்பக்கம் இருக்கிறது பழைய அடி, இதுல சேராது" என்பார். குரலில் பிசிறு இருக்காது. நடந்து முடிந்த விபத்து அவரை ஒன்றும் செய்ததில்லை. நடக்காத விபத்துகள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின.

இப்படிப்பட்டவர் டர்போ வைத்த கார் வாங்கியிருக்கவே கூடாது. வாங்கினார், அதுவும் பயத்தினால். பழைய கார் ஒரு லாரியை முந்தும்போது பாதி வழியில் திணறியது, எதிரே பஸ் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை ஆகியிருந்தால்? இழுவை அதிகமுள்ள வண்டிதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டினார். இழுவை வந்து சேர்ந்தது, அதன் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு புதுப் பயமும் வந்து சேர்ந்தது.

பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது: "95 ஆக்டேன் பரிந்துரைக்கப்படுகிறது. 91 பயன்படுத்தலாம்." சிக்கனக்காரர்கள் இரண்டாவது வரியைப் படித்துவிட்டுச் சாதா பெட்ரோல் போடுவார்கள். வண்டிமேல் ஆசையுள்ளவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டு பிரீமியம் போடுவார்கள். சர்வேயர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார், மூடியை மூடினார், திறந்தார், மறுபடி படித்தார். பிறகு மெக்கானிக்கிடம் போனார்.

"டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளுது சார்," என்றார் மெக்கானிக். "அதனால உள்ள சூடு ஜாஸ்தி. சாதா பெட்ரோல் போட்டா சில சமயம் தன்னால பத்திக்கும். மேட்டுல மிதிக்கிறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, தகர டப்பால கோலிக்குண்டு போட்டு ஆட்டின மாதிரி. அதான் நாக்கிங்."

"வந்தா?"

"ரொம்ப நாள் அப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும். ஆனா அதுக்குன்னு ஒரு சென்சார் இருக்கு. சத்தம் வந்துதுன்னா பொறி விழுற நேரத்தக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அதுவே சமாளிச்சுக்கும். இழுவை கொறையும், அவ்வளவுதான்."

"ஒருவேளை அந்த சென்சார் வேல செய்யலன்னா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஒருவேளை நாளைக்கு நானே இல்லன்னா சார்? இப்படியெல்லாம் பாத்தா நான் கடையத் தொறக்க முடியுமா?"

அவ்வளவு பேச்சில் சர்வேயர் மனதில் தங்கியது "ஓட்டை" என்ற ஒரு சொல் மட்டும். அந்த ஓட்டையை அவர் பார்த்திருக்கிறார். விரல்நுனி நுழைகிற அளவு, விளிம்பெல்லாம் உருகி வழிந்து. ஒரு டாக்சிக்காரருடைய வண்டி அது. "வீட்டம்மாவுக்கு வலி வந்துடுச்சு சார், கெடச்சதப் போட்டுக்கிட்டு மிதிச்சேன்" என்று அந்த மனிதர் சொன்னபோது சர்வேயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பரிந்துரைக்கப்பட்ட எரிபொருளை உரிமையாளர் தெரிந்தே தவிர்த்துள்ளார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஆகவே பிரீமியம்தான். அதிலும் ஊருக்குள் ஒரே ஒரு பங்க்கில்தான். அங்கே கூட்டம் அதிகம், பெட்ரோல் தேங்கிப் பழசாகாது. அதிலும் டேங்கர் லாரி வந்து இறக்குகிற நேரமென்றால் பக்கத்திலேயே போகமாட்டார். அடியில் கிடக்கிற கசடு கலங்கியிருக்குமாம். காருக்குள் பாட்டு கிடையாது. மேடு வந்துவிட்டால் பேச்சும் கிடையாது, அவருக்கு என்ஜின் சத்தம் கேட்க வேண்டும்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நாள் பூரா பிள்ளைங்கள வாய மூடு வாய மூடுன்னு கத்திட்டு வர்றேன்," என்பார் அந்த அம்மாள். "சாயங்காலம் கார்ல ஏறினா நீங்க என் வாய மூடுறீங்க. இது காரா, பரீட்சை ஹாலா?"

"ஷ்ஷ்," என்பார் சர்வேயர். "மேடு."

ஒரு விடுமுறை நாள் மதியம் மனைவியின் அண்ணியிடமிருந்து போன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிற அண்ணனுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, சாயங்காலமே ஆபரேஷன். "எப்படி இருக்கும்னு டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேங்கிறார். உள்ள போறதுக்குள்ள உன்னப் பாக்கணுமாம், அதையே சொல்லிட்டிருக்கார்," என்று அண்ணி அழுதார். டீச்சர் போனை வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடே வந்து காரில் உட்கார்ந்தார்.

பெட்ரோல் முள் கீழே கிடந்தது. ஊர் பங்க்கை நெருங்கியபோது சர்வேயர் வேகத்தைக் குறைத்தார். உள்ளே டேங்கர் லாரி நின்று இறக்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டினார்.

"ஏன் நிக்கல?"

"டேங்கர் நிக்குது. மலையடிவாரத்துல ஒரு பங்க் இருக்கே, அங்க போட்டுக்கலாம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சண்டைக்கு வராமல் விடுவது அபூர்வம் என்பதைக் கவனிக்கிற நிலையில் சர்வேயர் இல்லை. முள்ளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்துப் பங்க்கில் மூன்றே குழாய்கள். ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கயிறு கட்டியிருந்தது.

"பிரீமியம்?" என்று கேட்டார் சர்வேயர்.

"தீந்து ரொம்ப நாளாச்சு சார்," என்றாள் குழாயடியில் நின்ற பெண். "சாதா போடவா? இல்ல, தள்ளிட்டே மேல போறீங்களா?"

சர்வேயர் இறங்கி நின்று மலையைப் பார்த்தார். சாலை நாலைந்து வளைவு வரை தெரிந்தது, அதற்குமேல் மேகத்துக்குள் போயிருந்தது. இருக்கிற பெட்ரோலில் ஏறினால் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் லாரி. ஊருக்குத் திரும்பிப்போய் பிரீமியம் போட்டு வந்தால் அதற்குள் மச்சானை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். சாதா போட்டு ஏறினால் கோலிக்குண்டு. தலைக்குள் அறிக்கை தன்னால் ஓட ஆரம்பித்தது: சம்பவ இடம், மலைப்பாதை. என்ஜின் முற்றிலும் சேதம். பயணிகள் இருவர். காரணம், உரிமையாளர் தெரிந்தே...

"சார், பின்னால வண்டி நிக்குது," என்றாள் அந்தப் பெண்.

"ஒரு நிமிஷம்மா. ஒருவேளை இந்தப் பக்கம் வேற எங்கயாவது..."

கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தார். பக்கத்துக் குழாயில் டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரியைக் கண்ணால் காட்டினார்.

"என்னங்க, நான் அந்த லாரில ஏறிப் போயிடவா? நீங்க நிதானமா யோசிச்சுட்டு வாங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் சர்வேயர் தாங்கிக்கொண்டிருப்பார். அதெல்லாம் அவருக்குப் பழக்கம். டீச்சர் நிஜமாகவே அனுமதி கேட்டார்.

"சாதாவே போடும்மா," என்றார் சர்வேயர்.

"எவ்ளோ சார்?"

"மலை தாண்டுற அளவுக்கு. அதுக்குமேல ஒரு சொட்டு வேண்டாம்."

மேடு தொடங்கியது. சர்வேயர் தாழ்ந்த கியரில் போட்டு, முட்டைமேல் கால் வைத்தவர்போல மிதியைத் தொட்டும் தொடாமலும் ஏறினார். டர்போ விழித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் அவர் திட்டம். ஒரு லாரி முந்தியது. பிறகு செங்கல் ஏற்றிய டிராக்டர் முந்தியது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, வண்டியில் ஏதும் கோளாறா என்று கையால் கேட்டுவிட்டுப் போனார். மேகம் இறங்கி வந்து கண்ணாடியை மூடியது.

அப்போதுதான் கேட்டது. டிக். டிக் டிக். டிக் டிக் டிக் டிக்.

சர்வேயர் ஓரம்கட்டினார், இறங்கினார், பானட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்தார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறி வண்டியை எடுத்தார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மறுபடியும் டிக் டிக் டிக். முன்னைவிட வேகமாக. ஒன்றும் வேண்டாம் என்று ஓரமாக நிறுத்தி, என்ஜினையே அணைத்துவிட்டார்.

என்ஜின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

சர்வேயர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை கட்டுக்கடங்காமல் நடுங்கியது. விரலிலிருந்த மோதிரம் கைப்பிடியில் பட்டுப்பட்டு ஒலித்தது.

"என்னம்மா, கை இப்படி நடுங்குது?"

"பயமா இருக்குங்க."

"சொல்லக் கூடாதா?"

"மேட்டுல பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

சர்வேயர் என்ஜினை ஓடவிட்டார். "பேசு," என்றார்.

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு."

டீச்சர் பேசினார். போன மாதம் அண்ணன் போன் செய்தபோது காரைப் பற்றிப் பேச்சு வந்ததாம். "உன் புருஷன் எங்க வண்டி ஓட்டுறான், வண்டிதான் அவன ஓட்டுது" என்று சொல்லிச் சிரித்தாராம் அண்ணன். டீச்சருக்கு வந்ததே கோபம், பட்டென்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டீச்சர் எடுக்கவே இல்லை.

"நேத்துகூடக் கூப்பிட்டான்," என்றார். "அடிச்சு அடிச்சு அதுவா நின்னுச்சு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

சர்வேயர் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார். "மச்சான் சொன்னதுல தப்பொண்ணும் இல்லையே."

"தப்பில்லதான். நான் சொல்லலாம், அவன் சொல்லக் கூடாது."

சர்வேயர் கியரை மாற்றினார். மிதியை அழுத்தினார்.

டர்போ விழித்துக்கொண்டு சீட்டியடித்தது. வண்டி முன்னால் பாய்ந்ததில் இருவர் முதுகும் சீட்டில் ஒட்டியது. அவருக்குப் பயம் விட்டுப்போனது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. டிராக்டரைத் தாண்டும்போது ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தார், லாரியைத் தாண்டும்போது இன்னொன்று விழுந்துவிட்டது என்று நினைத்தார். பக்கத்தில் டீச்சர் அடைபட்ட தண்ணீர் திறந்துவிட்டதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்ச் சுவரில் மோதியது, வீட்டில் இருவருமாகச் சேர்ந்து புளுகியது, அடி வாங்கியது மட்டும் அண்ணன்.

மலையுச்சிக்குக் கீழே கடைசி ஏற்றம். கொண்டையூசி வளைவு. முக்கால் மிதியில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவும் கோலிக்குண்டும். மெக்கானிக் சொன்னபடியே, ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை என்றாலும் சர்வேயருக்கு அது இன்னதென்று உடனே தெரிந்துவிட்டது. கால் தன்னால் மேலே எழும்பியது.

"அந்தச் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாதுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார் டீச்சர். "அவன் வாங்கினப்பவே கிடையாது. என்னங்க, மெதுவாப் போறீங்க?"

கால் மறுபடி இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி முழுதாக நிற்பதற்குள் டீச்சர் இறங்கி ஓடிவிட்டார். சர்வேயர் காரைக் கோணலாகவே விட்டுவிட்டுப் பின்னால் போனார். நீளமான வராந்தாவின் மறுகோடியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் அதைப் பிடித்து நிறுத்திக் குனிந்து ஏதோ சொன்னார். அங்கிருந்து ஒரு கை எழுந்து அவர் காதைப் பிடித்துத் திருகியது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று சர்வேயருக்குக் கேட்கவில்லை. நர்ஸ் ஏதோ சொல்ல, ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது, கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சர்வேயரும் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது நடுங்கியது சர்வேயரின் கை.

அன்று அவர் செய்தது இதுதான்: டர்போ வண்டிக்குச் சாதா பெட்ரோல் போட்டார், நாக்கிங் சத்தம் காதில் விழுந்த பிறகும் மிதியை விடாமல் மலையைத் தாண்டினார், ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் மனைவியை அவருடைய அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.