பத்துப் போத்தல் நல்ல தண்ணீர்

1. கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வும் முடிந்த நான்காம் மாதம் மகள் பிறந்தாள்.
2. மன்னார்த் தீவின் பதினொரு கிணறுகளில் மாதம் ஒரு முறை நான் எடுத்துவந்த உப்பளவு நின்றுபோகும் நிலை வந்தது.
3. நிற்கவிடாமல், அந்தந்த வீட்டாரே ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பித் தர ஏற்பாடு செய்தேன்.
4. ஓலைத்தொடுவாயில் ஒரு கிணற்றின் உப்பு நாலில் ஒரு பங்காக விழுந்தது.
5. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன்.
6. அந்தக் கிணற்றின் உப்பு விழவேயில்லை.

ஐந்தாவது வரிக்கும் ஆறாவது வரிக்கும் இடையில் நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எந்த வரியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில் ஆய்வேட்டுக்குப் பிறகு என்ன எழுதினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னை வழிநடத்திய பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளையைப் பாருங்கோ, அதுதான் முக்கியம். ஆனா அளவுத் தொடர் அறுந்தா பிறகு நானும் ஒண்டும் செய்யேலாது." இரண்டு வசனத்தையும் ஒரே குரலில்தான் சொன்னார். எனக்கு இரண்டாவது மட்டும் கேட்டது.

கணவர் முசலிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறார். விடியப் போனால் பின்னேரம் வருவார். மகள் பதினொரு மணியளவில் ஒரு மணித்தியாலமும் சொச்சமும் தூங்குவாள். வாசிப்பு, எழுத்து, உடுப்பு, உலை எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, அலுமாரிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். வாசிப்பு அதிலிருந்து முதலில் கழன்றது. பால் கொடுக்கும்போது கைத்தொலைபேசியில் ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு பந்தி இரண்டு பந்தியாக வாசித்தேன். பிள்ளையைப் பக்கம் மாற்றிப் போடுவதற்குள் வாதம் கைவிட்டுப் போய்விடும். எழுத்து எப்படியோ தங்கியது. அது அந்தத் தூக்கத்துக்குள் அடங்கியது. கிணற்றடிக்குப் போய் வருவது அடங்கவில்லை.

ஆகவே போத்தல்கள். ஒன்பது படிகள் கொண்ட அறிவுறுத்தல் தாள் ஒன்றைத் தயாரித்தேன். முதல் இரண்டு வாளியைக் கொட்டிவிடவும், போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் அலசவும், விளிம்புவரை நிரப்பவும் என்று போகும். மூன்று மாதப் பிள்ளையோடு ஓட்டோவில் போத்தல்களும் தாள்களும் கொடுக்க ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போனேன். ஓலைத்தொடுவாய் கடைசி. அங்கு போய்ச் சேரும்போது மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். நான் இறங்கவில்லை. அந்த வீட்டு அக்கா ரோட்டுக்கே வந்தார். கடற்தொழில் செய்யும் குடும்பம். இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தாங்களே வெட்டிய கிணறு அது. நாலு வருடமாக நான் அதற்குள் உப்பளக்கும் கருவி இறக்குவதைப் பார்த்து நின்றவர்.

"அக்கா, இனிக் கொஞ்ச நாளைக்கு என்னால வரேலாது. மாசம் ஒரு போத்தில் தண்ணி எடுத்து வைப்பியளோ? ஓட்டோக்கார அண்ணை வந்து எடுப்பார்."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் முதல் பிள்ளைக்குப் பாலைக் குடுங்கோ. கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோச்சு அதுக்கு."

அறிவுறுத்தல் தாள் பைக்குள் இருந்தது. எடுக்க ஒரு கை மிச்சம் இருக்கவில்லை. நாலு வருடம் பார்த்தவருக்குத் தாள் எதற்கு என்று நினைத்தேன்.

முதல் போத்தலிலேயே உப்பு விழுந்திருந்தது. கருவி பிழையாக்கும் என்று திரும்ப அளந்தேன். அடுத்த மாதமும் அதே கதை. பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பம்பு போடுவதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் தங்கி, உப்பைக் கீழே அமுக்குகிறது என்று விளக்கம் வைத்தேன். ஆறு மாத அளவுகளை வைத்து, மகளின் பகல் தூக்கங்களில் எழுதி முடித்தேன். சனிக்கிழமைகளில் பிள்ளையைப் பாருங்கள், ஒரு தரம் போய் நேரில் அளந்து வருகிறேன் என்று கேட்டிருந்தால் கணவர் பார்த்திருப்பார். எண்கள் நன்றாக இருந்தபடியால் நான் கேட்கவில்லை.

ஆய்விதழின் மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்டார். பக்கத்துக் கிணறுகள் மாறாதபோது இது மட்டும் மாறுவானேன், நேரடியாக அளந்து உறுதிப்படுத்தவும் என்று எழுதியிருந்தார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அக்கா அவளைத் தூக்கிக்கொள்ள, நான் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கினேன். பழைய எண் வந்தது. பட்டத்துக்காக நாலு வருடம் எழுதிய அதே உப்பு. கருவியை எடுத்துத் துடைத்து, மறுபடி இறக்கினேன்.

"என்ன, எண் சரியில்லையோ?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்கள் தாற போத்தில் இந்தக் கிணத்துத் தண்ணிதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமே இருந்தது.

"இதையோ? உங்களுக்கு என்ன விசரே! இது உப்புச் சவரெல்லோ. பிள்ளை பெத்த வீட்டுக்கு ஆராவது சவர்த் தண்ணி குடுத்து விடுவினமோ? பனங்கூடலுக்கு அங்கால நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு கிடக்கு. அங்க போய் அள்ளிக் கொண்டுவந்து, காய்ச்சி, துணியில வடிச்செல்லோ தாறனான்." பிறகு மகளின் கன்னத்தைக் கிள்ளினார். "இவ கொழுத்துக் கிடக்கிறது என்ர தண்ணியிலதான். கொம்மாவுக்குச் சொல்லு."

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கிட்டத்தான் என்றார். ஓட்டோவில் திரும்பும்போது அண்ணையிடம் கேட்டேன். வெயிலில் நடந்தால் போய்வர ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்றார். பத்து மாதம், பத்துத் தரம். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு கிளாஸ் எடுத்துக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் குளியலறையில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் கொதித்த தண்ணீர் என்று நாக்குக்குத் தெரிந்திருக்கும்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து கேட்டார்.

"உமக்கு மாசாமாசம் காய்ச்சி வடிச்ச தண்ணி வந்திருக்கு. எனக்கு இந்த ஊரில ஒருத்தரும் ஒரு செம்பு தந்ததில்லை."

நான் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றியபடி, "அப்ப மற்றப் பத்துக் கிணறும்?" என்று கேட்டார். நான் ஏற்கெனவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கேட்டேன். ஏழு வீட்டில் தாளில் சொன்னபடி செய்திருந்தார்கள். கீரிக் கிராமத்தில் ஒரு வீட்டில், வீட்டுக்காரர் வேலைக்குப் போன நாட்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டில் ஞாபகம் இல்லை. எந்த மாதம் எது என்று இனிப் பிரிக்க முடியாது.

இப்போது நிலைமை இது. கட்டுரையை மீளப் பெற்றுவிட்டேன். தொடரில் பத்து மாதம் வெறுமையாக இருக்கிறது. நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. மகளுக்கு ஒன்றரை வயது. பகல் தூக்கம் முக்கால் மணித்தியாலமாகக் குறைந்துவிட்டது, அதில் நான் இதை எழுதினேன். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, அளக்கத்தான் என்ற உண்மையை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போத்தல் எடுக்க ஓட்டோ ஏன் வரவில்லை என்று இரண்டு தரம் அழைத்துக் கேட்டார். இரண்டு தரமும் வேலை அதிகம் என்றேன்.